பொறுத்திருந்து அடித்தவன் காரணமின்றி அடித்தவனா?

நீங்கள் கேட்டதை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வலிமை மிக்க ஒருவன் ஆக்கிரமித்து நிற்கிறான். மெலிந்தவன் நெடுநாள் பொறுத்து ஒருநாள் திருப்பி அடிக்கிறான். அடி விழுந்த உடனேயே வலியவன், சும்மா இருந்த தன்னை எந்தக் காரணமும் இல்லாமல் தாக்கிவிட்டதாக ஊரைக் கூட்டுகிறான். அந்தக் கூற்று எந்தச் சந்தர்ப்பத்திலாவது உண்மையாக இருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் மறைந்திருக்கிறது: அடிக்குக் காரணம் இருந்ததென்று காட்டிவிட்டால் அந்த அடி நியாயமாகிவிடுமா? இவ்விரண்டும் வேறு வேறு கேள்விகள். வன்னியில் உள்ள நீதிமன்றங்களில் பல ஆண்டுகளாக எதிரிகளுக்காக, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக, தோன்றி வருகின்ற சட்டத்தரணி என்ற அளவில் முதற் கேள்விக்கு ஓரளவு உறுதியாகவும், இரண்டாவதற்குத் தயக்கத்தோடும் என்னால் பதில் சொல்ல முடியும். வரலாறு எனக்கு வாசிப்பால் வந்தது, தொழிலால் வந்ததல்ல. அந்தப் பகுதியை அந்த எல்லையோடு வாசியுங்கள்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு செயல் உண்மையிலேயே பதிலடிதான் என்றால் அதற்கு முன்னால் ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும். ஆகவே ஆக்கிரமித்தவனுக்கு விழுந்த பதிலடி காரணமற்றதாக இருக்கவே முடியாது. இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வலியவன் "காரணமில்லை" என்று சொல்லும்போது பெரும்பாலும் அவன் முழுப் பொய் சொல்வதில்லை. கதையைத் தனக்கு வசதியான நாளிலிருந்து தொடங்குகிறான், அவ்வளவே. அந்த நாளிலிருந்து பார்த்தால் அவன் உண்மையிலேயே சும்மாதான் இருந்திருப்பான். பிறருடைய காணியில் வீடு கட்டி முடித்துவிட்டு முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் கிடப்பவனும் சும்மா இருப்பவன்தான்.

இந்தத் தொடக்க நாளைச் சட்டம் எப்படிக் கணக்கிடுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஏறத்தாழ இந்தியாவின் 1860 ஆம் ஆண்டுக் கோவையை ஒட்டி எழுதப்பட்டது. அதன் 294 ஆம் பிரிவு கொலைக் குற்றத்தை வரையறுத்துவிட்டுச் சில விதிவிலக்குகளைத் தருகிறது. முதலாவது விதிவிலக்கின்படி, பாரதூரமானதும் சடுதியானதுமான ஆத்திரமூட்டலால் தன்னடக்கத்தை இழந்த ஒருவர், ஆத்திரமூட்டியவரின் உயிரைப் போக்கினால், அது கொலை என்ற தரத்திலிருந்து ஒருபடி இறங்கிய குற்றமாகிறது. குற்றம் இல்லாமற் போவதில்லை. மரண தண்டனை மட்டுமே நீங்குகிறது. காரணம் இருந்தது என்பதற்கும் செய்தது சரி என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை அந்தப் பிரிவு இப்படித்தான் அளந்திருக்கிறது. எனக்கு அது பிழையான அளவாகத் தோன்றவில்லை.

உறுத்துவது "சடுதியான" என்ற நிபந்தனை. எங்கள் பக்கத்து வழக்குகளில் அடிக்கடி வரும் வகை ஒன்றைப் பாருங்கள். ஊரில் செல்வாக்குள்ள ஒருவரின் கட்டாக்காலி மாடுகள் காலபோகத்தில் ஒரு சிறிய கமக்காரரின் வயலுக்குள் இறங்குகின்றன. அவர் கமக்காரர் அமைப்பிடம் சொல்கிறார், பொலிஸில் முறைப்பாடு செய்கிறார், இணக்க சபைக்கும் போகிறார். அடுத்த போகத்திலும் மாடுகள் வருகின்றன. கேட்கப் போனால் ஏச்சும் தள்ளும் கிடைக்கின்றன. ஒருநாள் அந்தச் செல்வாக்குள்ளவர் சந்தியில் தனியாக நிற்கும்போது, இவர் கையில் அகப்பட்ட பொருளால் அவரை அடித்துவிடுகிறார். வழக்குத் தொடுப்பவர் சாட்சிகளிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: அன்று காலையில் காயப்பட்டவர் இவரை ஏதாவது செய்தாரா? சாட்சிகள் உண்மையைச் சொல்வார்கள்: இல்லை. அந்த ஒற்றைப் பதிலால் இரண்டு போகத்து அழிவும் நீதிமன்றப் பதிவேட்டுக்கு வெளியே போய்விடுகிறது.

இந்த இடத்தில்தான் உங்கள் கேள்விக்கான என் பதிலின் நடுப்பகுதி இருக்கிறது. வலியவனுக்கு உடனே அடிக்க முடியும். ஆளும் ஆயுதமும் அவனிடம் எப்போதும் தயாராக இருப்பதால், அவனுடைய அடி சூட்டோடு விழுகிறது. உலகமும் அதைக் கோபத்தில் செய்தது என்று விளங்கிக்கொள்கிறது. மெலிந்தவன் உடனே அடித்தால் அழிந்துபோவான். ஆகவே அவன் காத்திருக்க வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும், வலியவன் அயரும் நேரம் பார்க்க வேண்டும். அந்தக் காத்திருப்பு அவனுடைய பலவீனத்தின் விளைவு. ஆனால் அதுவே அவனுக்கு எதிரான சான்றாக மாறுகிறது. திட்டமிட்டான், ஆறியிருந்தும் அடித்தான், ஆகவே காரணம் கோபமல்ல என்று வாதம் எழுகிறது. ஏன் அடித்தான் என்பதற்கும் ஏன் அப்போது அடித்தான் என்பதற்கும் உரிய விடைகள் வேறு வேறானவை என்பதை அந்த வாதம் மறைத்துவிடுகிறது. முதலாவதற்கு விடை பழைய அநியாயம், இரண்டாவதற்கு விடை கிடைத்த வாய்ப்பு. வாய்ப்பைப் பயன்படுத்தினான் என்பதால் அநியாயம் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

நீதிமன்றங்கள் இதை முற்றாகக் காணாமல் விட்டன என்று சொல்வது அநியாயம். இந்திய உச்ச நீதிமன்றம் 1961 இல் நானாவதி வழக்கில் கடுமையான பக்கத்தில் நின்றது. மனைவிக்கு வேறொருவரோடு இருந்த தொடர்பை ஒரு கடற்படை அதிகாரி அறிந்ததற்கும், கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி எடுத்துக்கொண்டு சென்று அந்த ஆளைச் சுட்டதற்கும் இடையே ஏறக்குறைய மூன்று மணி நேரம் கடந்திருந்ததால், கோபம் ஆறப் போதிய அவகாசம் இருந்தது என்று தீர்ப்பாயிற்று. அவர் மெலிந்தவர் அல்லர் என்பதையும் கவனியுங்கள். மாறாக, 1989 இல் சென்னை உயர் நீதிமன்றம் சுயம்புக்கனி வழக்கில், நீண்ட காலம் துன்புறுத்தப்பட்டுக் குழந்தைகளோடு சாகத் துணிந்து தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் நிலையை ஆராய்ந்தபோது, நல்லதங்காள் கதையை நினைவுகூர்ந்து, தொடர்ச்சியான ஆத்திரமூட்டலுக்கும் சட்டத்தில் இடமுண்டு என்றது. இலங்கையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டில் பிரேமலால் வழக்கில், சடுதி என்பதற்குப் பழைய இறுக்கமான பொருளை விட்டு, படிப்படியாகச் சேர்ந்த ஆத்திரமூட்டலையும் கணக்கில் எடுக்கும் பக்கம் நகர்ந்தது. இங்கிலாந்தோ 2009 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பழைய விதியையே நீக்கி, தன்னடக்க இழப்பு சடுதியாக இருக்க வேண்டியதில்லை என்று எழுதிவிட்டது. அதற்கு வழிவிட்டவை பெரும்பாலும் கணவரால் ஆண்டுக்கணக்கில் அடிபட்ட பெண்களின் வழக்குகள். காத்திருப்பது மெலிந்தவரின் இயல்பான நிலை என்பதைச் சட்டம் அந்தப் பெண்களிடமிருந்து கற்றுக்கொண்டது.

ஆனால் 294 ஆம் பிரிவில் இன்னொரு வரம்பு இருக்கிறது. சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து செய்யப்பட்ட எதுவும், பொது ஊழியர் ஒருவர் தமது அதிகாரத்தைச் சட்டப்படி பயன்படுத்திச் செய்த எதுவும் ஆத்திரமூட்டலாகக் கொள்ளப்படாது. சாதாரண காலத்தில் இது தேவையான வரம்பு. இல்லாவிட்டால் பிடியாணையோடு வருகிற ஒவ்வொரு பொலிஸ்காரரையும் அடித்துவிட்டு ஆத்திரம் வந்தது என்று சொல்லலாம். ஆனால் சட்டத்தை எழுதுபவனே ஆக்கிரமிப்பவனாகவும் இருக்கும்போது என்ன ஆகும்? அவன் செய்வதெல்லாம் சட்டப்படியே நடக்கும். ஆகவே அவனுக்கு எதிரான எதுவும் காரணமற்றதாகவே பதியப்படும். தற்காப்பு உரிமையிலும் இதே முடிச்சு உண்டு. பொது அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை என்கிறது சட்டம். பாதுகாப்புத் தர வேண்டியவரே தாக்குபவர் என்றால் யாரிடம் ஓடுவது என்று அது சொல்லவில்லை.

இனி முல்லைத்தீவுக்கு வருகிறேன். இந்தக் கேள்வியை வன்னியில் இருந்துகொண்டு படிக்கும் எவருக்கும் 1803 நினைவுக்கு வராமல் இராது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 25 ஆம் திகதி வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினான் என்பதும், அங்கிருந்த பிரித்தானியப் படை கடல்வழியாக யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்கியது என்பதும், பின்னர் அக்டோபர் 31 ஆம் திகதி கற்சிலைமடுவில் அவன் தோற்கடிக்கப்பட்டான் என்பதும் பதிவில் உள்ளவை. ஒட்டுசுட்டான் பக்கம் கற்சிலைமடுவில் நடப்பட்ட ஆங்கிலக் கல்வெட்டும் இந்தத் தோல்வியைத்தான் சொல்கிறது. அவன் ஏன் படை எடுத்தான் என்பதை அந்தக் கல் சொல்வதில்லை. வென்றவன் நாட்டிய கல்லிடம் அதை எதிர்பார்க்கவும் கூடாது. அவன் அன்றே இறந்தான் என்றும் அதில் இல்லை. காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்தான் என்பது நாடகங்களிலும் வாய்மொழியிலும் வலுவாக வாழ்கிற கதை. அதை நான் சான்றாக எடுக்க மாட்டேன்.

பிரித்தானியர் பக்கத்துக் கணக்கில் அந்தத் தாக்குதல் ஒரு கலகம். அவர்கள் தொடக்கமாக எடுத்தது 1795 ஐ. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலுமாக ஒல்லாந்தரிடமிருந்து கரையோரப் பகுதிகள் தங்கள் கைக்கு வந்தன, அவை 1802 இல் அமியென் உடன்படிக்கையால் முறைப்படி உறுதியும் ஆயின. ஆகவே தாங்கள் வன்னியனிடமிருந்து எதையும் பறிக்கவில்லை என்பது அவர்களின் நிலைப்பாடாக இருந்திருக்கும். வன்னியர் பக்கத்தில் கணக்கு 1782 இல் தொடங்குகிறது. அதுவரை யானைகளைத் திறையாகச் செலுத்தியும், பல ஆண்டுகள் செலுத்தாமல் நிலுவை வைத்தும், தமது பற்றுகளைத் தாமே ஆண்டுவந்த வன்னிமைகளை ஒல்லாந்தர் படைகொண்டு அடக்கியது அப்போதுதான். பறித்தவனிடமிருந்து பெற்றவனுக்கு, பறித்தவனுக்கு இருந்ததைவிட மேலான உரிமை வராது என்பது சட்டம் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கும் தெரிந்த விதி. அந்த விதியை வைத்தால் 1803 ஆம் ஆண்டுத் தாக்குதல் காரணமற்றதல்ல.

அதே வேளை, முழுக் கதையையும் பழைய அநியாயத்தின் மேல் மட்டும் ஏற்றுவதும் சரியல்ல. அவன் அடித்த நேரத்தைப் பாருங்கள். கண்டி அரசனின் ஆட்கள் புத்தளத்து வணிகரின் பாக்கைப் பறித்தார்கள் என்ற முறைப்பாட்டை முன்வைத்து, ஆளுநர் நோர்த் 1803 இன் தொடக்கத்தில் கண்டி மீது படை அனுப்பி, அரியணைக்கு உரிமை கோரிய முத்துசாமியை அதில் ஏற்றினார். ஜூன் 24 இல் கண்டியில் இருந்த அந்தப் படை சரணடைந்து, பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். அதற்கு இரண்டு மாதங்களின் பின் முல்லைத்தீவு தாக்கப்படுகிறது. கண்டியின் துணையும் அதற்குப் பின்னால் இருந்தது. ஆகவே நேரத்தைத் தீர்மானித்தது வாய்ப்பு. இழந்த ஆட்சியை மீட்கும் ஆசை அதில் எவ்வளவு, குடிகளுக்காகப் பட்ட கோபம் எவ்வளவு என்பதைப் பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது. அப்படிச் சொல்பவர்கள் தம் காலத்துத் தேவைக்காகச் சொல்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. இன்னொன்றையும் இங்கே கவனியுங்கள்: ஒரு பேரரசு ஒரு மலைநாட்டின் மேல் படை எடுக்கப் பாக்குப் போதுமான காரணமாயிற்று. தன் நாட்டை இழந்தவன் படை எடுத்தபோது மட்டும் அதற்குக் காரணம் போதவில்லை.

வலியவனும் தனக்குக் காரணம் இருந்தது என்றே சொல்வான் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்றுகளும் உண்டு. 1939 ஆகஸ்ட் 31 இரவு, போலந்துக்காரர் தாக்கியதுபோலக் காட்டுவதற்காக கிளைவிட்ஸ் வானொலி நிலையத்தில் ஜெர்மனியரே ஒரு தாக்குதலை நடத்தினார்கள்; மறுநாள் போர். ஆக்கிரமிப்பவனுக்கே ஒரு காரணத்தைப் புனைய வேண்டிய தேவை இருந்திருக்கிறது. நௌலிலா வழக்கு இன்னும் நுணுக்கமானது. 1914 இல் அங்கோலாவிலிருந்த ஒரு போர்த்துக்கேயக் காவலரணில், மொழி விளங்காமையால் எழுந்த குழப்பத்தில் ஒரு ஜெர்மன் அதிகாரியும் உடன் வந்தவர்கள் சிலரும் கொல்லப்பட்டனர். ஜெர்மன் படை பதிலடியாகப் பல அரண்களைத் தாக்கியது. 1928 இல் நடுவர் மன்றம் மூன்று காரணங்களால் அதைச் சட்டவிரோதம் என்றது: முன்னால் நடந்தது சட்டமீறல் அல்லாத விபத்து, முதலில் பரிகாரம் கேட்கப்படவில்லை, அடி அளவு மீறியது. இன்றைய சர்வதேசச் சட்டம் அதைவிட இறுக்கமானது. ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 51 ஆம் உறுப்புரை ஆயுதத் தாக்குதலுக்கு எதிரான தற்காப்பை ஏற்கிறது. ஆயுதங்கொண்டு பழிவாங்குவதை 1970 ஆம் ஆண்டுப் பொதுச்சபைப் பிரகடனம் விலக்குகிறது. வலியவனுக்கு இது எளிது, அவன் செய்வதற்கெல்லாம் தற்காப்பு என்று பெயரிட்டுக்கொள்வான்.

உங்கள் கேள்விக்கு எதிரான ஓர் எடுத்துக்காட்டையும் சொல்லாவிட்டால் பதில் ஒருபக்கமாகிவிடும். 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியதைக் காரணமற்ற தாக்குதல் என்று ரூஸ்வெல்ட் அறிவித்தார். அதற்கு முன் ஜூலையில் அமெரிக்கா ஜப்பானின் சொத்துகளை முடக்கி, ஆகஸ்டில் எண்ணெயையும் நிறுத்தியிருந்தது. தன்னைவிட வலிய ஒருவன் கழுத்தை நெரித்தான் என்று ஜப்பான் சொல்லலாம். ஆனால் அந்த முடக்கம் வந்தது ஜப்பான் சீனாவிலும் இந்தோசீனாவிலும் செய்த ஆக்கிரமிப்பினால். தானே வரவழைத்த ஆத்திரமூட்டலைச் சாக்காகக் காட்ட முடியாது என்பது 294 ஆம் பிரிவிலேயே உள்ள இன்னொரு வரம்பு. அடிபட்டவன் வலியவன் என்பதால் மட்டும் அவன் ஆக்கிரமித்தவனாகிவிட மாட்டான். ஆகவே, வலியவன் மீது விழும் எல்லா அடியும் பதிலடியே என்று எவராவது வாதிட்டால் நான் அந்தப் பக்கம் நிற்க மாட்டேன்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது காரணம் இருந்தால் நியாயமாகிவிடுமா என்பதற்கு, என் பதில் அடி யார்மேல் விழுந்தது என்பதையே முதலில் பார்க்கிறது. மேலே சொன்ன விதிவிலக்கு, ஆத்திரமூட்டியவருக்கு விழுந்த அடியையே முதலில் பேசுகிறது. வேறொருவர் இறந்தால் அது தவறுதலாகவோ தற்செயலாகவோ நேர்ந்திருக்க வேண்டும். 1983 ஜூலை 23 இல் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாள்களில் கொழும்பிலும் பிற இடங்களிலும் எரிக்கப்பட்டவர்களும் வெட்டப்பட்டவர்களும் அதோடு தொடர்பில்லாத தமிழர். அதை இயல்பான எதிர்வினை என்று விளக்கியவர்கள் கதையை 23 ஆம் திகதியில் தொடங்கினார்கள் என்பதைவிட, அடியை யாருக்குக் கொடுத்தார்கள் என்பதே எனக்குப் பெரிய குற்றம். அதே அளவுகோலை எங்கள் பக்கத்துக்கும் வைக்க வேண்டும். 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் முழுமையாக வெளியேற்றியபோது, முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் போனவர்கள் எந்த ஆக்கிரமிப்பையும் செய்தவர்கள் அல்லர். கிழக்கில் நடந்தவற்றைக் காரணமாகச் சொல்லும் குரல்களைக் கேட்டிருக்கிறேன். அவை காரணத்தைச் சொல்கின்றன, ஆளை மாற்றிவிட்டன. 1949 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை கூட்டுத் தண்டனையைத் தடுப்பதும் இதனால்தான்.

வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குப் போகிறவர்கள் வணங்கும் கண்ணகி, அரசனின் தவறான தீர்ப்புக்கு ஊரையே எரித்தவள். அவளுக்குக் காரணம் இல்லை என்று இங்கே எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் தீயிடம் அவள் அறவோரையும் பத்தினிப் பெண்டிரையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் மட்டும் சேரச் சொன்னாள் என்றே கதை வருகிறது. எரிந்த நகரத்தில் அந்தப் பிரிப்பு எவ்வளவு சாத்தியம் என்று கேட்கலாம், நானும் கேட்டதுண்டு. எனினும், பிரிக்க வேண்டும் என்ற கடமை உச்சக் கோபத்திலும் அறுந்துவிடவில்லை என்பதை அந்தக் கதையைச் சொன்னவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

எனக்குத் தெளிவில்லாத இடம் காலத்தின் எல்லை. ஒருவன் தன் காரணத்தைத் தேடி எவ்வளவு தூரம் பின்னால் போகலாம்? 21 ஆண்டுகள் பின்னால் போன வன்னியனை ஏற்றால், 200 ஆண்டுகள் போகிறவனை எந்த விதியால் மறுப்பது? காணிச் சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது: தனியார் காணியைப் பத்து ஆண்டுகள் தடையின்றி, உரியவருக்கு எதிராக ஆண்டவர் உரிமை கோரலாம். சண்டை ஓயாமல் இருந்தால் அந்த ஆட்சி தடையற்றதாகாது. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இன்னும் ஒரு படி போனது. போரினால் நீதிமன்றத்தை நாட முடியாதிருந்தவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து ஆண்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும், அந்தப் பலனைப் பெறக் குறித்த காலத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்றும் அது விதித்தது. இடம்பெயர்ந்து போன எங்கள் ஊர்க்காரருக்குக் காணி மீட்க அது ஒரு வழியைத் திறந்தது. செயற்பட முடியாமல் இருந்தவனுடைய காத்திருப்பை அவனுக்கு எதிராக எண்ணக் கூடாது என்று பாராளுமன்றமே காணி விடயத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. குற்றவியல் சட்டத்தில் அதற்கு ஈடான ஏற்பாடு இன்னும் எழுதப்படவில்லை. பிரேமலால் வழக்குப் போன்ற தீர்ப்புகளை எடுத்துக்காட்டி, ஒவ்வொரு வழக்கிலும் நாங்கள் அதைப் புதிதாக வாதாட வேண்டியிருக்கிறது.